விடியும்வரை எரியாத விளக்கைப் பற்றி மகனுக்கு

மகனே,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்டுத்தான் மற்றத் தாய்மார் எழுதத் தொடங்குவார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. இருக்கிறாயா என்று மட்டும் கேட்கிறேன். இருந்தால் இதைப் படி. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, நீ சிரித்ததைக் கண்டேன் என்று யாராவது வந்து எனக்குச் சொன்னால் போதும். உன் விலாசம் எங்கள் ஒருவரிடமும் இல்லை. அதனால் இதையே பல தாளில் பார்த்துப் பார்த்து எழுதி, விசுவமடுவிலிருந்து பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போகிறவர்கள், அங்கிருந்து வெளிநாடு போகிறவர்கள் என்று வாங்குகிற எல்லோரிடமும் கொடுக்கப்போகிறேன். வழியில் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். மறைக்க இதில் ஒன்றும் இல்லை. நம் வீட்டுக் கூரையில் நீ பூட்டிவிட்டுப் போன சோலர் தட்டு, நீ சொன்ன அளவுக்கு ஏன் வெளிச்சம் தரவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மாரி எடுத்தது. கண்டுபிடித்த பிறகு நான் ஒன்று செய்தேன். அதை நீ வேறு ஆட்களின் வாயால் கேட்கக்கூடாது.

அந்த விளக்கு எதற்காக வந்தது என்பதை முதலில் எழுதுகிறேன். உனக்குத் தெரியும்தான், ஆனால் நீ மறக்கப் பார்த்தவன், நான் மறக்கிறவள் இல்லை. கோகுலன் அன்றைக்கு எனக்கும் சுவருக்கும் நடுவில் பாயில் படுத்திருந்தான். விடிய எழும்பி, "அப்பம்மா, வயித்துக்கை நோகுது" என்றான். நான் ஓமத் தண்ணீர் அவித்துக் கொடுத்தேன். நீ வாசலில் நின்று பல் தீட்டிக்கொண்டு, "பள்ளிக்கூடக் கள்ளம், இண்டைக்குக் கணக்குப் பாடம் எல்லே" என்றாய். பிள்ளை கண்ணைத் திறக்கப் பார்க்கிறான், இமை தானாக விழுகிறது. அதையும் நித்திரைத் தூக்கம் என்று நினைத்தோம். உன் மனைவி தவம்தான் பாயை இழுத்தாள். தலையணைக்குக் கீழே எண்ணெய் விரியன் பாம்பு, கறுப்பாக, மெல்லிசாக, எங்களைவிட நிம்மதியாகக் கிடந்தது. ஆஸ்பத்திரி வரை சைக்கிள் மிதித்தாய். அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குத் தேவையில்லை. நீ சொன்னதை நான் மன்னிக்கவில்லை. என் ஓமத் தண்ணீரையும் மன்னிக்கவில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்த அன்றிலிருந்து தவம் இருட்டில் கண் மூடவில்லை. மிஞ்சிய மகள் துசியைக் கட்டிலில் கிடத்திவிட்டு, கையில் தடியோடு காலடியில் குந்தியிருப்பாள். வெளிச்சம் பாம்பைத் தடுக்காது என்று அவளுக்கும் தெரியும். "தடுக்க வேண்டாம் மாமி, வந்தால் எனக்குத் தெரிஞ்சால் போதும்" என்பாள். மண்ணெண்ணெய் கிடைத்த காலமா அது? போத்தல் விளக்குக்கு விட்டால் அடுத்த வாரத்துக்கு இல்லை. அப்போதுதான் புதுக்குடியிருப்பில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிய ஒரு குடும்பத்திடம் இந்தச் சோலர் தட்டையும் பற்றறியையும் நீ கண்டாய். உன் மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு அதை மாட்டு வண்டிலில் ஏற்றி வந்தாய். வைக்கோலுக்குள் புதைத்துக் கொண்டுவந்தாய், கல்யாணப் பெண்ணைக் கொண்டுவருகிற மாதிரி. றேடியோ திருத்துகிற யோகன் வந்து, நீயும் அவனுமாக முகட்டு வளையில் சட்டம் அடித்துத் தட்டைப் பூட்டினீர்கள். அறைக்குள் ஒரு சின்ன ரியூப் லைற். "தவம், இனி நீ படு. விடிய விடிய எரியும், நான் பொறுப்பு" என்றாய். அன்று அவள் படுத்தாள். ஆனி மாசம் அது. முற்றத்தில் வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது.

அந்த மாசமே நீ பயணம் கிளம்பினாய். வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் கூப்பிட்டுவிட்டான் என்றாய். போகிற அன்று காலையில் ஒரு பழைய பானைக்குச் சுண்ணாம்புப் புள்ளி குத்தி, கண்ணும் மீசையும் எழுதி, ஒரு தடியில் குத்தி, தட்டுக்குத் தெற்குப் பக்கமாகச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினாய். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, றோட்டாலை போற சனத்தின்ரை கண் முதல் பானையிலை விழவேணும். பிறகுதான் தட்டிலை. அப்பத்தான் நாவூறு படாது."

"மீசை உன்ரை மாமனாருக்கு இருக்கிற மாதிரி இருக்கு."

"பகிடியை விடுங்கோ. இது பிள்ளையாருக்கு நேர்ந்து கட்டினது. நான் வந்து என்ரை கையாலை அவிட்டு, சந்தியிலை உடைப்பன். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது, சொல்லிப்போட்டன்."

"ஓமடா, ஆர் தொடப்போகினம்?" என்றேன். ஊர்க் கண்ணுக்கு உன்னைவிட நான் பயந்தவள். நம் வளவுக்கு முன்னால் போகிற எவரும் கூரையைப் பார்க்காமல் போனதில்லை. பானை இருந்தது எனக்குத் தைரியமாக இருந்தது. நீ படலையைத் திறந்து போனபோது உன்னை நான் பார்க்கவில்லை, பானையைத்தான் பார்த்தேன். அழுதால் பயணம் சரிவராது என்பார்கள்.

ஆவணி வரை ஒரு குறையும் இல்லை. விடியும்போது தவம் எழும்பி லைற்றை அணைப்பாள். அவளுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. புரட்டாதி பிறந்த பிறகு நான் முதலில் கவனித்தேன், கோழி கூவுவதற்கு முன்னமே லைற் மங்கி, இரண்டு முனையும் கறுத்து, அணைந்துபோனது. ஐப்பசியில் சாமத்துக்கே போனது. மழை மாசம், வானம் மூடிக் கிடக்கிறது, தட்டுக்கு வெயில் எங்கே என்று இருந்துவிட்டோம். அந்த ஐப்பசியில்தான் உன் கடைசிக் கதையும் வந்தது. வவுனியாவிலிருந்து வந்த ஒருவர், நீ அங்கே ஒரு கடைக்கு ரெலிபோன் எடுத்தாய் என்றும், பனி கொட்டுகிற ஒரு நாட்டில் நிற்கிறாய் என்றும், நாளைக்கு அடுத்த பயணம் என்று சொன்னாய் என்றும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. விளக்கு மங்கியதும் உன் சத்தம் நின்றதும் ஒரே மாரியில். நான் இரண்டையும் ஒன்றாக முடிந்துவிட்டேன். லைற் மங்குகிறபோதெல்லாம் நீ எங்கேயோ பசியில் கிடக்கிறாய் என்று எனக்குள் ஓடும். இதை நான் தவத்திடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாளோ என்னவோ.

தை பிறந்து வானம் வெளித்தது. முற்றத்தில் கால் வைக்க முடியாத வெயில். லைற் மட்டும் திருந்தவில்லை. எனக்கு முதலில் சந்தேகம் வந்தது பக்கத்து வளவு லெட்சுமிமேல். மலையகத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து குடியேறிய சனம், எங்கள் வேலியோடு கிடுகுக் கொட்டில். அவளுடைய புருசன் வயர் வேலை தெரிந்தவன் என்று யாரோ சொன்னார்கள். கூரையிலிருந்து வயர் இழுத்துக் கரண்ட் எடுக்கிறார்கள் என்று முடிவு கட்டி, வேலியில் நின்று கேட்டுவிட்டேன். அவள் விறகு கொத்திக்கொண்டிருந்தவள், கோடாலியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏங்க ஆத்தா, எங்க வூட்டுல பல்பே கிடையாதுங்க. ஒங்க கரண்ட களவெடுத்து எதுல ஊத்தி வைக்கிறது? சட்டியிலயா?"

பின்னால் நின்ற அவளுடைய பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. அன்றிலிருந்து நான் அவளோடு கதைப்பதில்லை. அவள் சொன்னது சரி என்று தெரிந்த பிறகு இன்னும் கூடுதலாகக் கதைப்பதில்லை.

பிறகு யோகனைக் கூப்பிட்டோம். மீற்றரும் கையுமாக வந்து, மூக்கைச் சுருக்கிக்கொண்டு பற்றறியின் மூடிகளைத் திறந்தான். "ஆச்சி, இதுக்கு நீங்கள் விட்டது கிணத்துத் தண்ணியோ?" என்று கேட்டான்.

"வேறை என்ன, இளநியோ விடுறது?"

"எங்கடை கிணத்துத் தண்ணி சுண்ணாம்பு ஆச்சி. கேத்திலுக்கை வெள்ளையாப் படியுறதைக் காணேல்லையே? அதுதான் பற்றறிக்குள்ளையும் படிஞ்சு கிடக்கு. தட்டிலை பிழை இல்லை, நீங்கள்தான் பிழை."

நீங்கள்தான் பிழை என்று என் வீட்டில் வந்து, என் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு சொன்னான். அதை நான் மறக்கவில்லை. ஆனால் தண்ணீர் விஷயத்தில் அவன் சொன்னது உண்மை, நீயும் அதைத் தெரிந்துவைத்துக்கொள். நீ எங்கே வீடு வைத்தாலும் பற்றறிக்குக் கிணற்றுத் தண்ணீர் விடாதே. கூரையால் வடிகிற தண்ணீரும் ஆகாது. திறந்த வெளியில் கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்த மழைத் தண்ணீர்தான் விடவேண்டும். பங்குனி மழைக்கு நான் முற்றத்தின் நடுவில் ஊறுகாய்ப் போத்தல்களை வைத்துப் பிடித்தேன். யோகன் பற்றறியைக் கழுவி, அந்தத் தண்ணீரை விட்டு, நீளமாகச் சுற்றி வந்த மெல்லிய வயரைக் கழற்றிவிட்டுத் தடித்த வயரைக் கிட்டத்தால் இழுத்தான். சித்திரை பிறந்தது. லைற் விடியும்வரை எரிந்தது. யோகன் ஊரெல்லாம் தன் கெட்டித்தனத்தைச் சொல்லித் திரிந்தான். நானும் ஒரு பேட்டுக்கோழி கொடுத்தேன். நல்ல முட்டைக்கோழி. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது கோழி ஒரு கணக்கில்லை. விளக்குத் திருந்திவிட்டது, இனி மகனுடைய கதை வரும் என்று இருந்தேன். வைகாசி முழுதும் படலையில் சைக்கிள் மணி கேட்டால் எழும்பிப் போவேன். ஆனி, ஆடி. உனக்குப் பிடிக்கும் என்று பனங்கிழங்கு ஒடியல் காயவைத்தேன். யாரோ உன்னை ஒரு நாட்டில் கண்டதாக மல்லாவியில் உன் மாமியார் கேள்விப்பட்டாளாம். அந்த மனுசி சொல்கிற ஒன்றையும் நான் இருபது வீதம்கூட நம்புகிறதில்லை, அன்றைக்கு மட்டும் முழுதாக நம்பினேன். கண்டவரைத் தேடிப் பிடித்தால், அவர் கண்டது உன் பெயருள்ள வேறொரு பிள்ளையை. ஆவணி முடிந்தது. புரட்டாதியில் லைற் திரும்பவும் கோழி கூவ முன் அணைந்தது.

இந்தமுறை தவம் பழைய தடியை எடுத்து வைத்துக்கொண்டாள். யோகன் வந்து, பற்றறி முடிந்துபோயிற்று, புதிது வேண்டும் என்றான். புதுப் பற்றறிக்கு எங்கே போவது? ஆமி இங்கே வரவிடாமல் தடுத்த சாமானில் அதுதான் முதல். மாரி முழுதும் அவள் சாமம் வரை லைற்றிலும், பிறகு போத்தல் விளக்கிலும் விழித்திருந்தாள். பகலில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நிற்கிறபோது நின்றபடியே கண் சொருகும். மண்வெட்டிப் பிடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு நித்திரை கொள்கிறதை நான் கண்ணால் கண்டேன். மருமகளில் பரிதாபப்படுகிற பழக்கம் எனக்கு இருந்ததில்லை. கல்யாணத்தன்று அவளுடைய ஆட்கள் எங்களுக்குப் பந்தியில் செய்ததை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ஆனாலும் கண்ணால் கண்டதைக் காணவில்லை என்று எழுத முடியாது.

தைமாசம் ஒரு நாள் மத்தியானம், தட்டில் தூசி படிந்திருக்கும் என்று அவள் துணியோடு கூரைக்கு ஏறினாள். ஏறியவள் துடைக்கவில்லை. வெகு நேரம் தட்டையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாள். பிறகு இறங்கி வந்து, உன் மோட்டார் சைக்கிளின் பழைய சிக்னல் பல்ப் ஒன்று தகரப் பேணிக்குள் கிடந்ததை எடுத்துக்கொண்டு போய், தட்டிலிருந்து பற்றறிக்கு வருகிற வயரைக் கழற்றி, அந்தப் பல்ப்பில் நேரே முடிந்து, என் கையில் தந்தாள்.

"மாமி, நான் மேலை போறன். நீங்கள் பல்பையே பாத்துக்கொண்டு நில்லுங்கோ."

"என்னடி செய்யப்போறாய்?"

"பாருங்கோவன்."

பல்ப் மங்கலாக எரிந்தது. மேலே அவள் தன் உடம்பைச் சரித்து, பானைத் தடியை ஒரு பக்கம் வளைத்துப் பிடித்தாள். பல்ப் பளீர் என்று வந்தது. தடியை விட்டாள், மங்கியது. பிறகு தடியை மறுபடி வளைத்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை விரித்துத் தட்டிலுள்ள ஒரே ஒரு கட்டத்தின்மேல் வைத்தாள். அவ்வளவு பெரிய தட்டில் ஒரு கட்டம், உள்ளங்கையளவு. என் கையிலிருந்த பல்ப் செத்த தணல் மாதிரிச் சிவந்து போயிற்று.

"வாய்க்கால் மாதிரி மாமி," என்று கூரையிலிருந்து சத்தம் போட்டாள். "எல்லாக் கட்டமும் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு. ஒரு இடத்திலை மண் விழுந்தால் கீழ் வயலுக்கு முழுக்கத் தண்ணி இல்லை. பானையின்ரை நிழல் விழுகுது. ஆனியிலை சூரியன் வடக்காலை போகேக்கை நிழல் றோட்டுப் பக்கம் விழும். இப்ப தெற்காலை போகுது, அப்பிடியே தட்டுக்கு மேலை விழுகுது."

நான் பின்னுக்குப் போய் நின்று பார்த்தேன். பானையின் வட்டம், கழுத்து, தடி எல்லாம் தட்டின்மேல் கறுப்பாகக் கிடந்தன. இரண்டு மாரியாக அங்கேதான் கிடந்திருக்கிறது. நான் முற்றத்தில் மிளகாய் காயப்போடும்போது நிழல் நகர நகரப் பாயை இழுத்து இழுத்துப் போடுகிறவள். கூரையில் கிடந்த நிழலைக் காணவில்லை. பானையைப் பார்க்கிறபோதெல்லாம் உன் கையைத்தான் பார்த்தேன்.

அவள் இறங்கி வந்து, "மாமி, பானையைக் கழட்டுவம்" என்றாள்.

"என்னடி கதைக்கிறாய்? அவன் நேர்ந்து கட்டினது. அவன்தான் அவிழ்க்கவேணும்."

"அப்ப வடக்குப் பக்கம் மாத்திக் கட்டுவம்."

"அங்கை கட்டினால் றோட்டாலை போறவனுக்கு முதல் தட்டு எல்லே தெரியும்? அதோடை, ஆர் தொட்டாலும் தொட்டதுதான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாமி, அவர் வாறதெண்டால் பானை இல்லாட்டியும் வருவார்."

"வாறதெண்டால் எண்டு என்ன கதை? வருவான்."

அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள். வருவார் என்று அவள் சொல்லாததற்காக நான் அவளோடு கோபித்துக்கொண்டு பல நாள் கதைக்கவில்லை. "சித்திரை வரைக்கும் பொறு, தானாய்ச் சரிவரும்" என்று துசியிடம் சொல்லி அனுப்பினேன். "ஐப்பசியிலை திரும்பவும் போகும் எண்டு அப்பம்மாட்டைச் சொல்லு" என்று அவள் சொல்லி அனுப்பினாள். ஒரே குசினியில் இருந்துகொண்டு பிள்ளையைத் தூது அனுப்பினோம்.

பானையைத் தொடாமல் தட்டை மாற்றலாம் என்று நான்தான் யோகனைக் கூப்பிட்டேன். நிழலால்தான் இந்தக் கேடு என்று கேட்டதும், "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் ஆச்சி" என்றான். என் பேட்டுக்கோழியைத் திருப்பித் தா என்று கேட்டேன். அது கறியாகிவிட்டதாம். தட்டை இறக்கி முற்றத்தில் நாலு பனங்குற்றி நட்டு அதில் பூட்டினான். முற்றம் மரங்களுக்குள் கிடக்கிறது. காலை வெயில் மாமரத்தைத் தாண்டி வர வெகு நேரமாகிறது, பின்னேர வெயிலைப் பாலை மரம் மறைக்கிறது. கூரையில் கிடைத்ததும் இல்லாமல் போயிற்று. அந்த மரங்களை வெட்டினால் குண்டு போட மேலே பறக்கிறவனுக்கு எங்கள் வளவும் நாங்கள் பதுங்குகிற பங்கரும் வெளிச்சமாகத் தெரியும். வெட்டச் சொல்லி நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கூரையில் வேறு இடமும் இல்லை, மற்றப் பக்கம் வெறும் கிடுகு, பூனை நடந்தாலே நெளியும். தட்டு திரும்பவும் பழைய சட்டத்துக்கே போனது, பானைக்குப் பின்னால்.

மாசி நடுவில் அது நடந்தது. லைற் போன பிறகு தவம் போத்தல் விளக்கைக் கட்டிலடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்தவள், நித்திரையில் சரிந்துவிட்டாள். விளக்குத் தட்டுப்பட்டுப் பாய் பற்றி, கட்டிலில் தொங்கிய துசியின் பாவாடை நுனியில் பிடித்தது. பிள்ளை கத்தித்தான் நாங்கள் எழும்பினோம். தவம் கையாலேயே அடித்து அணைத்தாள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. இவளுடைய உள்ளங்கை இரண்டும் வெந்து போயின.

காலையில் அந்தக் கையால் உடுப்பு மடிக்க முடியாமல் அப்படியே பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று, எங்கே பயணம் என்று கேட்டேன்.

"மல்லாவிக்கு, அம்மாட்டை. அங்கை ரெண்டு மூண்டு பேர் இருக்கினம், மாறி மாறி முழிச்சிருப்பினம்."

"பிள்ளையையும் கொண்டோ?"

"பிள்ளைக்காகத்தானே போறன், மாமி. இஞ்சை நான் நித்திரை கொண்டால் பிள்ளை போயிடும். நித்திரை கொள்ளாட்டி நான் போயிடுவன். நீங்களே சொல்லுங்கோ, எதைச் செய்ய?"

துசி தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒன்று கிடைத்துவிட்டது, மற்றது கட்டிலுக்குக் கீழே. குனியப் பயந்து நின்றாள். கட்டிலுக்குக் கீழே கை விட அந்தப் பிள்ளை பயப்படும். பகலிலும் பயப்படும். நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். பிறகு குசினிக்குள் போய் இறைச்சி வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு ஏணியடிக்குப் போனேன்.

தவம் ஓடி வந்தாள். "மாமி, இறங்குங்கோ. நீங்கள் விழுந்தால் அதுக்கும் என்னைத்தான் சொல்லுவினம்."

"சொல்லட்டும். ஏணியைப் பிடி."

முழங்கால் எனக்கு ஏழு ஊர் கேட்கக் கத்தியது. ஏறினேன். உன் முடிச்சை முதலில் கையால் அவிழ்க்கத்தான் பார்த்தேன், ராசா. அவிழ்த்தால் பிறகு பிள்ளையாரிடம் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று ஒரு எண்ணம். இரண்டு மழை நனைந்து, இரண்டு கோடை காய்ந்து, கயிறு மரமாகிக் கிடந்தது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். அறுத்தேன். அறுக்கிறபோது ஒன்றும் நினைக்கவில்லை என்று எழுதினால் பொய். நீ இல்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பை இரண்டு வருஷம் படலைக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். அன்றைக்கு அது ஏணியில் எனக்கு முன்னால் ஏறிவிட்டது.

பானையைச் சந்தியில் உடைக்கவில்லை. அது நீ செய்யவேண்டியது. கோழிக்கூட்டுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பற்றறி நிரம்ப இரண்டு மூன்று நாள் வெயில் பிடித்தது. அந்த நாட்களில் தவம் பையை அவிழ்க்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. பிறகு ஒரு இரவு சாமம் தாண்டியது, லைற் அசையவில்லை. அவள் முதலில் குந்தியிருந்தாள், பிறகு சாய்ந்தாள், பிறகு துசியின் காலைப் பிடித்தபடி நித்திரையானாள். நான் அவளுக்குப் பதிலாகத் தடியை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

அந்த வெளிச்சத்தில் இருந்துதான் எனக்கு விளங்கியது. இது மங்கியபோது நீ பசித்திருக்கவில்லை. இது பிரகாசித்தபோது நீ கிளம்பி வரவில்லை. ஒரு பானையின் நிழலைப் பார்த்துக்கொண்டு நான் உன்னோடு இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இந்த விளக்குக்கும் உனக்கும் ஒரு தொடர்பும் இல்லை. உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அந்த ஐப்பசியில் ஒருவர் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு சொன்னது மட்டும்தான்.

நீ வருவாய் என்று இனி நான் தவத்திடம் சொல்லமாட்டேன். துசிக்கும் சொல்லமாட்டேன். வந்தால் கூரையில் பானையைத் தேடாதே, நான்தான் அறுத்தேன், அவளைக் குறை சொல்லாதே. எங்கேயாவது உயிரோடு இருந்து, இதைப் படித்து, பொறுத்திருக்கக்கூடாதா அம்மா என்று உனக்கு ஆத்திரம் வந்தால், அந்த ஆத்திரத்தையாவது நாலு வரியில் எழுதி அனுப்பு. எனக்கு அது போதும்.

அன்று விடிந்து, முற்றத்தில் வெயில் விழுந்த பிறகும் தவம் எழும்பவில்லை. வாய் திறந்தபடி, வெந்த கைகளை மார்பில் வைத்துக்கொண்டு, பிள்ளை மாதிரிக் கிடந்தாள். தலைக்கு மேலே லைற் எரிந்துகொண்டே இருந்தது. விடியும்வரை எரிந்த காலத்தில் எல்லாம் அவள்தான் அதை அணைப்பாள். சுவிச்சை எந்தப் பக்கம் தட்டுவது என்றுகூட எனக்குத் தெரியாது. சத்தம் கேட்காமல் எழும்பி, சுவரைத் தடவித் தேடி, நான் அணைத்தேன்.

அம்மா